கோழிக்குத் தனிக் கூண்டு, முட்டை பிள்ளைக்கு



"சுகாதாரப் பக்கத்திலே கோழி வளர்ப்புக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு கடைசியில் நம் நாட்டில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்ததும், தமிழ்நாட்டு நாமக்கல்லிலிருந்து முட்டை வந்து இறங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். கோழிக்கு அரசாங்கம் கொடுத்துவந்த மானியம் 2023 நவம்பர் முதல் தேதியோடு நின்றது. முட்டைக்குக் கொடுத்த மானியமும் 2025 ஆகஸ்டு முதல் தேதியோடு நின்றது. ஆகவே, "கடையில் காசு கொடுத்து வாங்குவதைவிட நாமே நாலு கோழி வளர்த்தால் என்ன?" என்ற எண்ணம் பலருக்கு வருவது இயல்புதான்.

நல்ல எண்ணம். தாராளமாக வளர்க்கலாம். ஆனால் கோழி வளர்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு அதனால் உடம்பில் பலம் ஏறுமா, வயிற்றுப்போக்கு வருமா என்பதை இரண்டே இரண்டு காரியங்கள்தான் தீர்மானிக்கின்றன. ஒன்று, இராத்திரியில் கோழி எங்கே படுக்கிறது? இரண்டு, காலையில் எடுத்த முட்டை யார் தட்டுக்குப் போகிறது? இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முட்டையின் அருமை

ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதச் சத்து இருக்கிறது. கண்ணுக்கு வேண்டிய ஏ வைட்டமின், இரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய பி12 வைட்டமின், பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு உதவும் சத்துகள் எல்லாம் அந்தச் சின்ன ஓட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. அரிசியையும் மாவையும் மட்டும் நம்பி வளரும் பிள்ளைக்கு இது பெரிய காரியம்.

2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 22 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார்கள். இது பசி பட்டினியால் மட்டும் வருவதல்ல. வயிறு நிறைந்திருக்கும், சத்து நிறைந்திருக்காது.

தென் அமெரிக்காவில் ஈக்குவடோர் என்ற நாட்டில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாத காலம் தினம் ஒரு முட்டை கொடுத்துப் பார்த்தார்கள். உயரம் குன்றிய குழந்தைகள் அந்தக் கூட்டத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். இதன் முடிவு 2017-இல் வெளிவந்தது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் இதே மாதிரி செய்தபோது வளர்த்தியில் அப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை. அங்குள்ள பிள்ளைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டு வந்தவர்கள். இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? முட்டை மந்திர மருந்தல்ல. ஆனால் மீன், இறைச்சி, பால் அடிக்கடி கிடைக்காத பிள்ளைக்கு முட்டைதான் கைக்கு எட்டும் சத்து.

கோழி வீட்டுக்குள் வந்தால்

எத்தியோப்பியா நாட்டுக் கிராமங்களைப் பற்றி 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கோழி வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள் பொதுவாக நல்ல உயரமாக இருந்தார்கள். ஆனால் இராத்திரியில் கோழியை மனிதர் படுக்கும் வீட்டுக்குள்ளேயே அடைத்த வீடுகளில் பிள்ளைகளின் உயரம் குறைவாகக் காணப்பட்டது. அதே கோழி, அதே முட்டை. கோழி படுத்த இடம்தான் வேறு.

காரணம் புரிவது கஷ்டமல்ல. கோழி எச்சத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கின்றன. சால்மோனெல்லா என்பது அவற்றில் ஒன்று. கோழி பார்வைக்கு நல்ல சுகத்தோடு இருக்கும். அதன் குடலில் கிருமி இருக்கும். தவழுகிற பிள்ளை அஞ்சடியில் கையை வைக்கும், அதே கையை வாயில் வைக்கும். பெரியவர்கள் ஒரு நாள் வயிற்றுவலியோடு தப்பித்துக்கொள்வார்கள். ஒரு வயதுப் பிள்ளைக்கு அது அடிக்கடி வந்தால், தின்பது உடம்பில் ஒட்டாது. "நல்லாத்தான் சாப்பிடுறான், ஆனா தேறமாட்டேங்கிறான்" என்று தாய்மார்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே முதல் பாடம் இதுதான்: கோழி வாங்குவதற்கு முன்னால் கூண்டு கட்டுங்கள்.

அனுமதி கேளுங்கள்

தோட்டத்தில் குடியிருப்பவர்கள் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். லயத்து வீடு நிர்வாகத்தின் சொத்து என்பதால் பின்னால் தகராறு வராமல் இருக்க இது நல்லது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, சங்கக் கிளைத் தலைவர் வழியாக, கூண்டு வைக்க ஓர் ஒதுக்குப்புறமான இடம் கேட்டால் இன்னும் நல்லது.

தோட்டம் விற்கப்பட்டு தாமானுக்கு வந்துவிட்டவர்கள் கிள்ளானிலோ மற்ற இடத்திலோ தங்கள் பகுதி மன்றத்தில் விசாரிக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்ப்பதற்குத் துணைச் சட்டங்கள் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வேண்டாம். பால்கனியில் கோழி வளர்ப்பது கோழிக்கும் நல்லதல்ல, கீழ்வீட்டுக்காரருக்கும் நல்லதல்ல, உங்கள் பிள்ளைக்கும் நல்லதல்ல. தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

1. வீட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். சமையல் செய்யும் இடத்துக்கும் கிணறு, தண்ணீர்த் தோம்புக்கும் பக்கத்தில் கூடாது. காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத திசையாகப் பாருங்கள்.

2. தரையிலிருந்து இரண்டு அல்லது மூன்று அடி உயரத்தில் கால் நட்டு, அதன்மேல் கூண்டு கட்டுங்கள். நம் ஊர் மழைக்குத் தரைக் கூண்டு ஒரு வாரத்தில் சேறாகிவிடும். ஈரம்தான் கோழிக்குப் பாதி நோய்.

3. அடித்தளம் இடைவெளி விட்ட சட்டமாகவோ கம்பி வலையாகவோ இருந்தால் எச்சம் கீழே விழும். வாரிப்போடச் சுலபம்.

4. ஐந்து கோழிக்கு இராத்திரி படுக்க நாலடிக்கு மூன்றடி போதும். உள்ளே ஏறி உட்கார ஒரு கழி. முட்டையிட ஓரடிச் சதுரத்தில் இரண்டு பெட்டி, அதில் காய்ந்த புல்.

5. கூரைக்குத் தகரம் போட்டால் மேலே அத்தாப்போ காய்ந்த ஓலையோ பரப்புங்கள். வெறும் தகரத்தின் கீழே மத்தியான வெயிலில் கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

6. கம்பி வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. மூசாங் என்று நாம் சொல்லும் மரநாய், மலைப்பாம்பு, எலி மூன்றும் கோழிக்கூண்டைத் தேடி வரும். எலி வந்தால் கோழிக்கு மட்டும் நஷ்டமில்லை. எலியின் மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சல் மனித உயிரையே வாங்கும். மிச்சத் தீனியை இராத்திரியில் கூண்டில் விடாதீர்கள். தீனி மூட்டையை மூடியுள்ள தோம்பில் வையுங்கள்.

பகலில் கோழியைத் திறந்துவிட விரும்புகிறவர்கள் கூண்டைச் சுற்றி ஒரு வேலி போட்டு, அதற்குள் விடுங்கள். அஞ்சடியும் வாசலும் பிள்ளைகளின் இடம். அங்கே கோழிக்கு வேலை இல்லை.

எத்தனை கோழி, என்ன கோழி?

தொடங்குகிறவர்களுக்கு ஐந்து பெட்டை போதும். முட்டை மட்டும் வேண்டுமானால் சேவல் தேவையே இல்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். குஞ்சு பொரிக்க வேண்டுமானால் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் கணக்கு.

ஒரு நாள் குஞ்சு வாங்கினால் விலை குறைவு. ஆனால் முதல் வாரத்தில் அதற்கு 32 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். விளக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மாதத்தில்தான் சாவும் அதிகம். புதிதாக வளர்ப்பவர்கள் மூன்று மாதம் தாண்டிய கம்பத்துக் கோழிப் பெட்டையாக வாங்குவது நல்லது. கண் தெளிவாக, மூக்கில் சளியில்லாமல், பின்பக்க இறகு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்குங்கள். பிறகு புதுக்கோழி வாங்கினால் இரண்டு வாரம் தனியாக அடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பழைய கோழியோடு சேர்க்க வேண்டும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்துக் கோழி ஐந்தாறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். ஓர் ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரிக்க 21 நாள். வருஷத்துக்கு ஒரு கோழி 40 முதல் 60 முட்டை கொடுத்தால் நல்லது. பண்ணைக் கோழியைப் போல 300 முட்டை கொடுக்காது. ஐந்து கோழி என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 20 முட்டை. இதை வைத்துப் பணக்காரராக முடியாது. ஆனால் இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்துக்கு இரண்டு மூன்று முட்டை உறுதியாகக் கிடைக்கும்.

தீனி: கோழி கற்றுக்கொடுத்த பாடம்

"மிச்சச் சோற்றைப் போட்டால் கோழி வளர்ந்துவிடும்" என்று நினைக்கிறோம். இதில் ஒரு சரித்திரமே இருக்கிறது.

1890-ஆம் ஆண்டுகளில் பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அய்க்மான் என்ற டச்சு டாக்டர் ஆராய்ச்சிக்காகக் கோழி வளர்த்தார். திடீரென்று அந்தக் கோழிகளுக்குக் கால் தளர்ந்து, நடக்க முடியாமல் போயிற்று. பெரிபெரி நோயாளிகளுக்கு வருவது போலவே இருந்தது. விசாரித்துப் பார்த்தால், இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைக் கோழிக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர் "இராணுவத்துச் சோறு கோழிக்கு எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசி போட ஆரம்பித்ததும் கோழிகள் எழுந்து நடந்தன. அரிசியின் தவிட்டில் உயிர்காக்கும் சத்து ஒன்று இருக்கிறது என்பதற்கு இதுதான் ஆரம்பம். பி1 வைட்டமின் என்று அதற்குப் பின்னாளில் பெயர் வந்தது. அய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இதில் நம் கோலாலம்பூருக்கும் பங்கு உண்டு. தோட்டங்களில் புழுங்கலரிசி சாப்பிட்ட நம் தமிழ் மக்களுக்குப் பெரிபெரி அபூர்வமாக இருந்ததை அக்கால டாக்டர்கள் கவனித்திருந்தார்கள். 1905-இல் பிளெட்சர் என்ற டாக்டர் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறுபகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் பலர் பெரிபெரியில் விழுந்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் தப்பினார்கள். 1900-இல் ஏற்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் கோழிகளை வைத்தே இதை மேலும் சோதித்து, தவிட்டில்தான் அந்தச் சத்து இருக்கிறது என்று காட்டினார்கள்.

ஆகவே வெறும் வெள்ளைச் சோறு கோழிக்கும் போதாது, நமக்கும் போதாது. கோழித் தீனிக்கு இப்படிச் செய்யுங்கள்:

பெரிய கோழி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம் தீனி வேண்டும். ஐந்து கோழிக்கு அரைக் கிலோ. உடைத்த சோளமும் தவிடும் பெரும்பங்கு. அதோடு கொஞ்சம் மீன்தூள், கருவாட்டுத் தலை இடித்தது, அல்லது கறையான் புற்று. உப்புக் கருவாடானால் நன்றாக ஊறவைத்து உப்பை எடுத்துவிட வேண்டும். அதிக உப்பு கோழிக்கு விஷம், குஞ்சுக்கு மிகவும். ஊறுகாய், உப்புப்போட்ட குழம்பு மிச்சம், பூஞ்சணம் பிடித்த சோறு, பூஞ்சணம் பிடித்த சோளம் வேண்டாம். கங்கோங், பப்பாளி இலை, முருங்கைக் கீரை தினம் கொஞ்சம் கட்டித் தொங்கவிடுங்கள்.

முட்டை ஓடு கெட்டியாக இருக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்குக் கடைக்குப் போக வேண்டாம். கெராங் சாப்பிட்ட சிப்பி ஓட்டைக் கழுவி, சுட்டு, இடித்து ஒரு மங்கில் வைத்தால் கோழி தனக்கு வேண்டியதைக் கொத்திக்கொள்ளும்.

தோட்டத்தில் மறக்கக்கூடாத ஒன்று

கம்பத்தில் வளர்ப்பதற்கும் தோட்டத்தில் வளர்ப்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம்மைச் சுற்றி விஷம் இருக்கிறது.

பராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் வேறு களைக்கொல்லிகளும், எலிக்கு வைக்கும் விஷக் கட்டிகளும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆகவே:

மருந்தடித்த தீம்பாரில் கோழியை மேயவிடாதீர்கள். மருந்தடிப்பு எப்போது என்பதை மண்டோரிடம் முன்கூட்டியே கேட்டு, அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் கோழியை வேலிக்குள்ளேயே வையுங்கள். அந்தப் புல்லை வெட்டி வந்தும் போடாதீர்கள்.

மருந்து வந்த டின்னையும் பிளாஸ்டிக் தோம்பையும் எத்தனை தடவை கழுவினாலும் தண்ணீர்த் தொட்டியாகவோ தீனித் தட்டாகவோ ஆக்காதீர்கள். விஷம் பிளாஸ்டிக்கில் ஊறிப்போயிருக்கும்.

எலிவிஷம் தின்ற கோழியும், காரணம் தெரியாமல் செத்த கோழியும் சமையலுக்கு உதவாது.

மருந்தடித்துவிட்டு வருகிற சகோதரிகள் குளித்து, துணி மாற்றிய பிறகுதான் கோழிக்குத் தீனி போட வேண்டும், முட்டை எடுக்க வேண்டும். பிள்ளையைத் தூக்குவதும் அதற்குப் பிறகுதான்.

தண்ணீரும் கொசுவும்

கிள்ளானில் மலேரியாவால் மக்கள் கொத்துக்கொத்தாய் செத்த காலத்தில், 1901-இல் அங்கே வந்த டாக்டர் மால்கம் வாட்சன் தேங்கிய தண்ணீரை வடித்துத்தான் நோயை அடக்கினார். இன்று நம்மை மிரட்டுவது டெங்கி. அந்தக் கொசுவுக்குப் பெரிய குட்டை வேண்டாம். கோழிக்கு வைக்கும் ஒரு மங்குத் தண்ணீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும்.

தினமும் காலையில் கோழித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் வையுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். கொசு முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கோழிக்கு வரும் நோய்

கோழியை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போகும் நோய்க்கு நியூகாசல் என்று பெயர். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் முதலில் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டில் இதை ராணிக்கெட் என்றும் வெள்ளைக்கழிச்சல் என்றும் சொல்வார்கள். கோழி தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், மூச்சு வாங்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும். வந்தபின் மருந்தில்லை. வருமுன் காப்பதுதான் வழி.

இந்த விஷயத்தில் நாம் பெருமைப்படலாம். முன்பெல்லாம் இதன் தடுப்பு மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும், ஒவ்வொரு கோழியாகப் பிடிக்க வேண்டும். கம்பத்துக் கோழிக்கு அது நடக்கிற காரியமா? 1980-ஆம் ஆண்டுகளில் செர்டாங்கில் உள்ள விவசாயப் பல்கலைக்கழகத்தில், அதாவது இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில், ஐனி இடெரிஸ், அப்துல் லத்தீப் இப்ராகிம் முதலிய விஞ்ஞானிகள் ஆஸ்திரேலியாவின் ஸ்பிராட்புரோவோடு சேர்ந்து, சூட்டைத் தாங்கும் வி4 என்ற தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து கொடுக்கும் முறையை உருவாக்கினார்கள். பட்டணத்துப் பண்ணைக்காரருக்காக அல்ல, நம்மைப் போல் நாலு கோழி வளர்ப்பவருக்காகவே செய்யப்பட்ட ஆராய்ச்சி அது.

உங்கள் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் போய், எந்தத் தடுப்பு மருந்து கிடைக்கிறது, எப்போது போட வேண்டும் என்று கேளுங்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதாது. சில மாதங்களுக்கு ஒரு தடவை திரும்பப் போட வேண்டியிருக்கும். லயம் முழுவதும் ஒரே நாளில் போட்டால்தான் பலன். ஒரு வீட்டுக்காரர் விட்டுவிட்டால் நோய் அந்த வீட்டு வழியாக வரும்.

இன்னொன்று பறவைக் காய்ச்சல். அது தூர தேசத்து நோயல்ல. 2006 பிப்ரவரியில் கோலாலம்பூரை ஒட்டிய செத்தாபாக், கொம்பாக் பக்கத்திலும், 2007 ஜூனில் சுங்கை பூலோவின் பாயா ஜாராசிலும் வீட்டில் வளர்த்த கோழிகளிடையே அது வந்தது. வெளிநாடுகளில் இந்த நோய் கோழியிலிருந்து மனிதருக்குத் தொற்றி உயிர்களை வாங்கியிருக்கிறது.

ஆகவே இரண்டு மூன்று கோழி திடீரென்று செத்தால் மறைக்காதீர்கள். "சொன்னா எல்லாக் கோழியையும் அழிச்சிடுவாங்களே" என்று பயந்து, சாகிற கோழியை அவசரமாக அறுத்துக் குழம்பு வைப்பதும், பக்கத்து ஊருக்கு விற்பதும், ஆற்றில் வீசுவதும்தான் ஆபத்து. வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கோழி செத்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் வந்தால் ஆஸ்பத்திரியில் கோழி செத்த செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

கை சுத்தம், முட்டை சுத்தம்

கூண்டைத் தொட்டபின், முட்டை எடுத்தபின், கோழி அறுத்தபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கூண்டுக்குப் போவதற்கென்று ஒரு ஜோடி செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். அது வீட்டுப் படி ஏறக்கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் குஞ்சைக் கையில் எடுத்துக் கொஞ்சுவதையும் முத்தம் கொடுப்பதையும் தடுங்கள்.

எச்சத்தை வாரத்தில் இரண்டு தடவை வாரி, காய்ந்த இலையோடு குழியில் போட்டு மூடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மக்கிவிடும். அதன் பிறகுதான் கீரைப்பாத்திக்குப் போட வேண்டும். பச்சை எச்சத்தைக் கீரைக்குப் போட்டு, அந்தக் கீரையை அரைகுறையாகக் கழுவித் தின்பது நோயைக் கூப்பிட்டு வைப்பதாகும்.

முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள். அழுக்கிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். கழுவி வைத்தால் ஓட்டின் மேலுள்ள காப்பு போய்விடும். கழுவுவதானால் சமைக்கும் நேரத்தில் கழுவுங்கள். விரிசல் விட்ட முட்டை வேண்டாம். பச்சை முட்டை குடித்தால் பலம் என்பது தவறு. அரைவேக்காட்டு முட்டை காப்பிக்கடையில் பெரியவர்களின் பழக்கமாக இருக்கலாம். பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கி அடிக்கடி கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மலத்தில் இரத்தம், கண் குழி விழுதல், மூத்திரம் குறைதல், பிள்ளை சோர்ந்து கிடத்தல், எது கொடுத்தாலும் வாந்தி, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

முட்டை யாருக்கு?

கடைசியாக, முதலில் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

பல வீடுகளில் நடப்பது என்ன? நல்ல முட்டை கடைக்கோ பக்கத்து வீட்டுக்கோ விலைக்குப் போகிறது. மிஞ்சியது வேலைக்குப் போகிற ஆணின் தட்டுக்குப் போகிறது. சின்னப் பிள்ளைக்கு வெறும் சோறும் இரசமும். கர்ப்பிணிப் பெண் எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறாள். ஆண்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. பழம் வெட்டுகிறவருக்குத் தெம்பு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வளர்ந்த உடம்புக்குத் தள்ளிப்போட முடிகிற சத்தை, வளர்கிற உடம்புக்குத் தள்ளிப்போட முடியாது. இரண்டு வயதுக்குள் விட்ட வளர்த்தியைப் பிறகு பிடிப்பது மிகவும் கடினம்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நன்றாக வெந்த முட்டையை மசித்துக் கொஞ்சமாகத் தொடங்கலாம். உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் படிப்படியாகக் கூட்டலாம். "முட்டை சூடு, பிள்ளைக்கு ஆகாது" என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். அவர்கள் அன்பினால் சொல்கிறார்கள். அவர்களோடு சண்டை போட வேண்டாம். சிறிது சிறிதாகக் கொடுத்து, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர்களே பார்க்கும்படி செய்யுங்கள்.

முதல் முட்டை சின்னப் பிள்ளைக்கு. அடுத்தது கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும். பிறகு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு. அதற்கும் மேலே மிஞ்சினால் விற்கலாம், அந்தக் காசு தீனிக்கும் தடுப்பு மருந்துக்கும் ஆகும். இந்த வரிசையைக் கணவனும் மனைவியும் கோழி வாங்குவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கோழி வந்தபிறகு பேசினால் முட்டை முந்திக்கொண்டு கடைக்குப் போய்விடும்.

எனவே இந்த மாதம் அனுமதி கேளுங்கள், கூண்டைக் கட்டுங்கள். அடுத்த மாதம் ஐந்து பெட்டை வாங்கித் தடுப்பு மருந்து போடுங்கள். முட்டையிடத் தொடங்கியதும், பிள்ளையை மாதாமாதம் கிளினிக்குக்குக் கொண்டுவந்து நிறுத்துப் பாருங்கள், உயரமும் அளந்து பாருங்கள். அந்த அட்டையில் கோடு மேலே ஏறினால், நீங்கள் கோழியைச் சரியான இடத்தில் படுக்க வைத்திருக்கிறீர்கள், முட்டையைச் சரியான தட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.